கணினி கேள்வி – பதில்: இம்போர்ட் செய்ததும் தானாக ஓடும் பைத்தான் கோப்பு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பைத்தானில் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன. நேரடியாக ஓட்டினால் நன்றாக வேலை செய்யும் ஸ்கிரிப்ட், இன்னொரு கோப்பிலிருந்து இம்போர்ட் செய்தால் ஏன் முரண்டு பிடிக்கிறது? அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். டெஃப், இஃப், ரிட்டர்ன், இம்போர்ட் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களையும் கோப்புப் பெயர்களையும் நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சென்ட்டைச் சதுர அடியாக மாற்ற நிலம்.பை என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. வழிகாட்டி மதிப்பை வைத்து மொத்த மதிப்பு போட விலை.பை என்று இன்னொன்று எழுதி, அதில் நிலம்.பை-யை இம்போர்ட் செய்தால் உடனே "எத்தனை சென்ட்?" என்று கேட்டு நின்றுவிடுகிறது. இணையத்தில் பார்த்து அந்த இஃப் __நேம்__ வரியை மேலே போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினேன். இப்போது கேட்பதில்லை, ஆனால் ஃபங்ஷனையே காணோம் என்கிறது. என்ன செய்வது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு தடவையும் பைத்தான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இம்போர்ட் என்றால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் மீதி எளிது.

இம்போர்ட் நிலம் என்று எழுதியதும், பைத்தான் அந்தக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டுகிறது. ஃபங்ஷன்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வதெல்லாம் இல்லை, கோப்பு முழுவதும் ஓடும். டெஃப் என்பதும் ஓடுகிற ஒரு வரிதான்: அது ஓடும்போது ஃபங்ஷன் உருவாகிப் பெயர் பெறுகிறது, உள்ளே இருக்கும் வரிகள் மட்டும் யாராவது அழைக்கும்வரை காத்திருக்கும். ஆனால் இடது ஓரத்தை ஒட்டி நீங்கள் எழுதிய இன்புட், பிரிண்ட் எல்லாம் எதற்கும் காத்திருக்காது. அதனால்தான் முதல் தடவை விலை.பை-யை ஓட்டியபோது நிலம்.பை கேள்வி கேட்டது.

அந்த இஃப் வரியின் வேலை என்ன? ஒவ்வொரு கோப்புக்கும் பைத்தான் __நேம்__ என்று ஒரு வேரியபிளைத் தானே வைத்துத் தருகிறது. டெர்மினலில் நேரடியாக ஓட்டிய கோப்புக்கு அதன் மதிப்பு "__மெயின்__". இம்போர்ட் ஆகி வந்த கோப்புக்கு அதன் சொந்தப் பெயர், உங்கள் விஷயத்தில் "நிலம்". அவ்வளவுதான், இதில் வேறு மாயம் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை நீங்கள் ஃபங்ஷனையும் சேர்த்து இஃபுக்குள் தள்ளிவிட்டீர்கள். இம்போர்ட் ஆகும்போது அந்த நிபந்தனை பொய்யாகிவிடுவதால் டெஃப் வரி ஓடவே இல்லை. ஓடாத டெஃப் எந்தப் பெயரையும் உருவாக்காது.

சரி, எப்படி எழுத வேண்டும்? இப்படி:

டெஃப் சதுர_அடி(சென்ட்):
    இஃப் சென்ட் < 0:
        ரெய்ஸ் வேல்யூஎரர்("சென்ட் அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது")
    ரிட்டர்ன் சென்ட் * 435.6

டெஃப் மெயின்():
    சென்ட் = ஃப்ளோட்(இன்புட்("எத்தனை சென்ட்? "))
    பிரிண்ட்(சதுர_அடி(சென்ட்), "சதுர அடி")

இஃப் __நேம்__ == "__மெயின்__":
    மெயின்()

விலை.பை-யில் 'ஃப்ரம் நிலம் இம்போர்ட் சதுர_அடி' என்று ஒரு வரி போதும். அப்புறம் சதுர_அடி(5) என்றால் 2178.0 என்று வரும், யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு வரிகளை விட முதல் ஃபங்ஷனைத்தான். அதற்குள் இன்புட் இல்லை, பிரிண்ட் இல்லை. எண்ணை வாங்குகிறது, எண்ணைத் திருப்பித் தருகிறது. மனிதரோடு பேசும் வேலை முழுவதும் மெயினுக்குள் இருக்கிறது. நிறைய பேர் இஃப் வரியை ஒழுங்காகப் போட்டுவிட்டு, கணக்குப் போடும் ஃபங்ஷனுக்குள்ளேயே பிரிண்ட் செய்து முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் கோப்பு இம்போர்ட் ஆகும், பயன்படாது. 2178 என்பது திரையில் தெரியும், ஆனால் விலை.பை அதை எடுத்து வழிகாட்டி மதிப்பால் பெருக்க முடியாது, ஏனென்றால் ஃபங்ஷன் திருப்பித் தந்தது நன், அதாவது 'ஒன்றுமில்லை'. நாளைக்கே ஏக்கர் கணக்கு வேண்டும், கிரவுண்ட் கணக்கு வேண்டும் என்று வரும் (100 சென்ட் ஒரு ஏக்கர், 2400 சதுர அடி ஒரு கிரவுண்ட்). அப்போது இந்த ஒரே ஃபங்ஷனை வைத்து எல்லாவற்றையும் கட்டிவிடலாம், அது வாயைத் திறக்காமல் விடையை மட்டும் கொடுத்தால்.

தப்பான எண் வந்தால் என்ன செய்வது என்பதிலும் இதே கதைதான். பலர் அந்த இடத்தில் சிஸ்.எக்ஸிட் போட்டு வெளியேறிவிடுகிறார்கள். தனியாக ஓடும்போது அது சரியாகத்தான் தெரியும். ஆனால் விலை.பை நூறு மனைகளை வரிசையாகக் கணக்கிட்டுக்கொண்டு போகும்போது நாற்பதாவது மனையில் ஒரு தப்பு எண் வந்தால் மொத்த வேலையும் அங்கேயே நின்றுபோகும். எரரை எழுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். நிறுத்துவதா, அந்த மனையை மட்டும் தாண்டிப் போவதா என்பதை அழைத்தவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, மெயின் என்று தனி ஃபங்ஷன் எதற்கு, இஃபுக்குக் கீழேயே எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். இஃப் தனக்கென்று வேலி போடுவதில்லை. அதற்குள் 'மதிப்பு = 1500' என்று எழுதினால் அது கோப்பு முழுவதற்கும் தெரியும் வேரியபிள். மேலே இருக்கும் ஏதோ ஒரு ஃபங்ஷன், நீங்கள் கவனிக்காமலே, அந்த மதிப்பை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். நேரடியாக ஓட்டும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். இம்போர்ட் செய்த அன்று மதிப்பு என்ற பெயரே இல்லை என்று எரர் வரும். அதே வரி மெயின் ஃபங்ஷனுக்குள் இருந்தால் அந்தத் தப்பு முதல் நாளே உங்கள் கண்ணில் பட்டுவிடும். எனக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: எங்கள் ஆய்வக வகுப்பில் எல்லா பைத்தான் நிரலிலும் அந்த இஃப் வரி கட்டாயம் என்கிறார்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் குறைகிறது. சி, ஜாவா மாதிரி பைத்தானிலேயே மெயின் என்று ஒன்றை வைத்திருக்கலாமே?
— கல்லூரி மாணவி, சேலம்

பதில்: வைக்கலாம் என்று முறைப்படி ஒரு முன்மொழிவே வந்தது. பைத்தானில் மாற்றம் கோருபவர்கள் பெப் என்ற எண்ணிட்ட ஆவணமாக எழுத வேண்டும். பெப் 299, __மெயின்__ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தால் பைத்தான் அதைத் தானாகவே அழைக்க வேண்டும் என்று கேட்டது. நிராகரித்துவிட்டார்கள். அதனால் இன்றுவரை இந்த இஃப் வரிதான். மற்ற மொழிகளிலும் இதே தேவை இருக்கிறது. ரூபியில் ஓடும் கோப்பின் பெயரை ஒப்பிட்டுப் பார்த்து இதையே செய்கிறார்கள், பெர்லில் என்னை அழைத்தவர் யாராவது உண்டா என்று கேட்டுப் பார்த்துச் செய்கிறார்கள்.

கட்டாயமா என்றால், இல்லை. ஃபங்ஷன்கள் மட்டுமே உள்ள, யாரும் நேரடியாக ஓட்டப்போகாத கோப்புக்கு அந்த வரி தேவையே இல்லை. ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடும் பத்து வரிக்கும் தேவையில்லை. ஓட்டவும் வேண்டும், மற்றவர் இம்போர்ட் செய்யவும் வேண்டும் என்ற கோப்புக்குத்தான் அது. ஆனாலும் ஆய்வகத்தில் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை, கைக்குப் பழகும்.

கூடவே ஒன்று பழகிக்கொள்ளுங்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2003-லேயே மெயின் ஃபங்ஷனை எப்படி எழுதலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். அவர் சொன்ன வடிவம்: டெஃப் மெயின்(ஆர்க்வி=நன்), கடைசியில் சிஸ்.எக்ஸிட்(மெயின்()). டெர்மினலில் தட்டும் ஆர்க்யூமென்ட்களை மெயினே போய் எடுக்காமல், வெளியிலிருந்து கொடுக்கவும் வழி வைப்பதுதான் இதன் அழகு. எதுவும் கொடுக்காவிட்டால் டெர்மினலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். டெர்மினல் ஆர்க்யூமென்ட்களைப் பிரித்துத் தரும் ஆர்க்பார்ஸ் மாட்யூலைப் பயன்படுத்தினால், பார்ஸ்_ஆர்க்ஸ்(ஆர்க்வி) என்று அனுப்பினாலே போதும், நன் வந்தால், டெர்மினலில் தட்டியவை இருக்கும் சிஸ்.ஆர்க்வி-யைப் பார்ப்பதை அதுவே செய்துவிடும். இதனால் டெஸ்ட் எழுதும்போது மெயின்(["--சென்ட்", "5"]) என்று சாதாரண ஃபங்ஷன் மாதிரி அழைத்துப் பார்க்கலாம், டெர்மினல் பக்கமே போக வேண்டாம். மெயின் 0 திருப்பித் தந்தால் வேலை சரியாக முடிந்தது, வேறு எண் தந்தால் தப்பு என்று லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் சிஸ்.எக்ஸிட் சொல்லிவிடும்.

கேள்வி: என் ஸ்கிரிப்டுக்கு ரேண்டம்.பை என்று பெயர் வைத்தேன். இம்போர்ட் ரேண்டம் என்றால் பைத்தானோடது வராமல் என்னோடதே வருகிறது.
— வாசகர், ஓசூர்

பதில்: பெயரை மாற்றுங்கள். ஓடும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் தேடும், எனவே சிஎஸ்வி, ஈமெயில், டெஸ்ட், ரேண்டம் என்று ஏற்கெனவே பைத்தானில் உள்ள பெயர்கள் வேண்டாம். கோப்புப் பெயரில் சிறு கோடும் வேண்டாம், இம்போர்ட் வரியில் அதைக் கழித்தல் குறி என்று படித்துக்கொண்டு எரர் தரும், அண்டர்ஸ்கோர் போடுங்கள்.

கேள்வி: ஆய்வுக்காகப் பெரிய தரவுத் தொகுப்பைக் கணக்கிட மல்டிபிராசஸிங் (வேலையைப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) எழுதினேன். தோழியின் லினக்ஸ் கணினியில் அப்படியே ஓடுகிறது. என் விண்டோஸ் லேப்டாப்பில் ரன்டைம் எரர் வந்து திரை நிறைகிறது. ஒரே கோப்பு, எழுத்து மாறவில்லை.
— முனைவர் பட்ட மாணவி, மதுரை

பதில்: லினக்ஸில் நெடுங்காலமாக இருந்த வழி ஃபோர்க்: ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸை அப்படியே நகலெடுத்துக்கொள்வது. கோப்பை மறுபடி படிக்கத் தேவையில்லை. விண்டோஸில் அந்த வசதி கிடையாது. அங்கே ஒவ்வொரு துணை பிராசஸும் புதிதாக ஒரு பைத்தானைத் தொடங்கி, உங்கள் ஃபங்ஷனைத் தெரிந்துகொள்ள உங்கள் கோப்பை இம்போர்ட் செய்கிறது. கோப்பின் கீழே பூல் (துணை பிராசஸ்களின் கூட்டம்) உருவாக்கும் வரி இஃப் பாதுகாப்பு இல்லாமல் இடது ஓரத்தில் நின்றால் என்ன ஆகும்? துணை பிராசஸும் அந்த வரிக்கு வந்து தனக்கு ஒரு துணைக் கூட்டத்தைத் தொடங்கப் பார்க்கும், அது தொடங்கியதும் இன்னொன்று. இது முடிவில்லாமல் போகாமல் இருக்கத்தான் பைத்தான் அந்த ரன்டைம் எரரைக் கொடுத்து நிறுத்துகிறது.

துணை பிராசஸில் உங்கள் கோப்பின் __நேம்__ "__எம்பி_மெயின்__" என்று இருக்கும், "__மெயின்__" ஆக இருக்காது. ஆகவே பூல் உருவாக்கும் வரிகளை மெயினுக்குள் வைத்து, இஃப் வரிக்குக் கீழே மெயினை அழைத்தால் தொல்லை தீர்ந்தது. துணை பிராசஸுக்குத் தேவையான கணக்கு ஃபங்ஷன் மட்டும் வெளியே இருக்கட்டும். தரவுக் கோப்பைத் திறக்கும் வரியும் மேலே தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எட்டு துணை பிராசஸும் அந்தப் பெரிய கோப்பை எட்டு தடவை படிக்கும், வேகம் கூட்டப் போய் இருந்த வேகமும் போகும்.

தோழியிடமும் சொல்லிவையுங்கள். மேக் கணினிகளில் பைத்தான் 3.8 முதலே விண்டோஸ் வழிதான். லினக்ஸிலும் 3.14 முதல் ஃபோர்க் இயல்பான வழி இல்லை, அங்கேயும் கோப்பு மறுபடி இம்போர்ட் ஆகும். பாதுகாப்பு வரி இல்லாமல் இதுவரை ஓடிய கோப்பு, பைத்தானைப் புதுப்பித்த அன்று நின்றுபோகலாம்.

கேள்வி: கடை என்ற ஃபோல்டருக்குள் பில்.பை, வரி.பை இரண்டும் இருக்கின்றன. பில்.பை-யில் 'ஃப்ரம் .வரி இம்போர்ட்' என்று புள்ளி வைத்து எழுதினேன். வெளியிலிருந்து இம்போர்ட் செய்தால் வேலை செய்கிறது, பில்.பை-யை நேரடியாக ஓட்டினால் பேரண்ட் பேக்கேஜ் தெரியவில்லை என்று எரர். இஃப் வரியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: புள்ளிக்கு 'நான் இருக்கும் அதே பேக்கேஜில்' (உங்கள் விஷயத்தில் கடை என்ற ஃபோல்டர்) என்று பொருள். 'பைத்தான் கடை/பில்.பை' என்று கோப்பின் பாதையைக் கொடுத்து ஓட்டும்போது, பில்.பை கடையைச் சேர்ந்தது என்று பைத்தானுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை அது தனியாக நிற்கும் ஒரு கோப்பு. ஒரு படி மேலே, கடை ஃபோல்டரை வைத்திருக்கும் ஃபோல்டருக்குப் போய், 'பைத்தான் -எம் கடை.பில்' என்று ஓட்டுங்கள். சாய்கோடு இல்லை, புள்ளி, கடைசியில் .பை-யும் இல்லை. -எம் கொடுத்தால் முதலில் பேக்கேஜ் என்று புரிந்துகொண்டு, அப்புறம் அந்தக் கோப்பை "__மெயின்__" என்ற பெயரில் ஓட்டும். புள்ளி இம்போர்ட்டும் வேலை செய்யும், இஃப் வரியும் வேலை செய்யும். பைத்தானோடு வரும் எச்டிடிபி.சர்வர், ஜேசன்.டூல் போன்றவற்றையும் இதே வழியில்தான் ஓட்டுகிறோம், அவற்றை இம்போர்ட்டும் செய்கிறோம். இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதிய நிரல் எப்படி இருக்கும் என்று பார்க்க அவற்றின் மூலக் கோப்புகளைத் திறந்து கடைசிப் பகுதியைப் படியுங்கள். படிக்கத் தகுந்தவை.

வெறும் 'பைத்தான் -எம் கடை' என்றே ஓட வேண்டுமா? கடைக்குள் __மெயின்__.பை என்று ஒரு கோப்பு வைத்து, பில்லின் மெயினை அதில் அழையுங்கள்.

கேள்வி: ஃபங்ஷன் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா? மாணவர்களுக்குச் சொல்லித்தர எளிதாக இருக்கும்.
— கணினி ஆசிரியர், ஈரோடு

பதில்: தாராளமாக. 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் பெயர்களுக்கு எந்த மொழி எழுத்தும் சரி. மேலே உள்ள சதுர_அடி கணினியில் அப்படியே ஓடும். பிள்ளைகள் பெயரைப் பார்த்ததும் வேலையைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்குள் இருக்கும் பெயர்களைப் பைத்தான் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, அதனால் எந்தக் கீபோர்டில் தட்டினாலும் பொருந்திவிடும். ஆனால் லினக்ஸ் வட்டில் கோப்புப் பெயர் எப்படிச் சேமிக்கப்பட்டதோ அப்படியே கிடக்கும். கொள்முதல் என்ற கோப்பு கண்ணெதிரே இருக்க, இம்போர்ட் கொள்முதல் என்றால் அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்று பதில் வரலாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இது வந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

கேள்வி: மாணவர் என்ற கிளாஸைப் பட்டியல்.பை என்ற என் ஸ்கிரிப்டிலேயே எழுதி, மாணவர் பட்டியலைப் பிக்கிளில் (தரவைக் கோப்பாகச் சேமிக்கும் பைத்தான் வசதி) சேமித்தேன். வேறு ஸ்கிரிப்டில் அதைத் திறந்தால் __மெயின்__-இல் மாணவர் இல்லை என்கிறது. அந்த ஸ்கிரிப்டில் பட்டியல்.பை-யையும் இம்போர்ட் செய்திருக்கிறேனே?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: பிக்கிள் கிளாஸைச் சேமிப்பதில்லை, கிளாஸ் எந்த மாட்யூலில் இருக்கிறது என்ற முகவரியைத்தான் எழுதிவைக்கிறது. நீங்கள் சேமித்த அன்று அந்தக் கோப்பு நேரடியாக ஓடிக்கொண்டிருந்ததால் முகவரி __மெயின்__.மாணவர் என்று பதிந்துவிட்டது. இன்றைக்கு __மெயின்__ என்பது வேறு ஸ்கிரிப்ட். அதில் 'இம்போர்ட் பட்டியல்' என்று மாட்யூலை மட்டும் வரவழைத்திருந்தால், மாணவர் கிளாஸ் பட்டியல் என்ற மாட்யூலுக்குள் இருக்கும், __மெயின்__-இல் இருக்காது.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். ஓடும் கோப்பை அது இம்போர்ட் செய்த வேறொரு கோப்பு திரும்ப இம்போர்ட் செய்தால், பைத்தான் நினைவில் அதே கோப்பு இரண்டு பெயரில் இரண்டு பிரதியாக நிற்கும். மாணவர் கிளாஸும் இரண்டு. ஒன்றில் உருவான மாணவர் மற்றொன்றின் கிளாஸைச் சேர்ந்தவரா என்று இஸ்இன்ஸ்டன்ஸிடம் கேட்டால் 'இல்லை' என்று சொல்லும்.

கிளாஸை மாணவர்கள்.பை என்று தனிக் கோப்புக்கு மாற்றிவிடுங்கள், அந்தக் கோப்பை மட்டும் ஒருபோதும் நேரடியாக ஓட்ட வேண்டாம். ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அதிலிருந்து 'ஃப்ரம் மாணவர்கள் இம்போர்ட் மாணவர்' என்று எடுத்துக்கொள்ளட்டும். பழைய பட்டியலையும் காப்பாற்றலாம்: அந்த இம்போர்ட் வரி உள்ள ஒரு ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டினால் மாணவர் என்ற பெயர் __மெயின்__-இல் வந்துவிடும், பிக்கிள் தேடுவது கிடைத்துவிடும். திறந்ததும் அதே ஸ்கிரிப்டிலேயே புதிய கோப்பில் திரும்பச் சேமியுங்கள். இந்தத் தடவை முகவரி மாணவர்கள்.மாணவர் என்று பதியும், அதற்குப் பிறகு எந்த ஸ்கிரிப்டிலிருந்தும் திறக்கலாம்.